மழை வர்றதுக்குள்ள உங்க ஏரியா டீமுக்கு ஒரு சொல் பட்டியல் போடுங்க

ஃபயர் சர்வீஸ், போலீஸ், விஏஓ, நம்மள மாதிரி தன்னார்வலர்னு எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்ல இருந்தாலும் பேசுற பாஷை ஒண்ணா இருக்காதுங்க. போன மழைல எங்க குரூப்ல "ஏரி ஒடச்சிக்கிச்சு"ன்னு ஒரு மெசேஜ், ஒரு தெருவே மூட்டை கட்டிருச்சு, ஓடிப்போய் பாத்தா கோடிதான் போகுது (நெறஞ்ச ஏரில மிச்ச தண்ணி வழியுது), கரைக்கு ஒண்ணும் ஆகல. அதான், எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு பட்டியல் வேணும்.

ஸ்டெப் 1: பழைய மெசேஜை தோண்டுங்க. எந்த வார்த்தைக்கு யாராவது "அப்டின்னா?"ன்னு கேட்டாங்களோ அதை மட்டும் எடுங்க. இருபது போதும்.

ஸ்டெப் 2: ஊர் வார்த்தையை தூக்கிப் போடாதீங்க, இதுதான் பெரிய வேலை. காஞ்சிபுரம் பக்கம் கோடி போகுதும்பாங்க, நெல்லைல மறுகால் பாயுதும்பாங்க, ஆபீஸ் பேப்பர்ல உபரிநீர் வெளியேற்றம். மூணும் ஒண்ணுதான், ஏரி நெறஞ்சு மிச்ச தண்ணி அதுக்குன்னு கட்டின வழியா போகுது. உடைப்புன்னா கரையே போறது. மூணையும் ஒரே வரில எழுதி, உடைப்பை தனி வரில எழுதுங்க. (வெளியூர்லேர்ந்து வர்ற மீட்புப் படைக்காரருக்கு கோடின்னா பணம்தான் ஞாபகம் வரும்.)

ஸ்டெப் 3: அரசாங்க அளவு இருந்தா அதையே வைங்க. வானிலை மைய கணக்குல 24 மணி நேரத்துல 64.5 மிமீ-லேர்ந்து கனமழை, 115.6-லேர்ந்து மிக கனமழை, 204.5-லேர்ந்து அதி கனமழை. மஞ்சள் அலர்ட்னா கவனமா பாத்துக்கிட்டே இரு, ஆரஞ்சுன்னா தயாரா இரு, ரெட்டுன்னா வேலைல இறங்கு. என்ன வேலை, யார் இறங்கணும்னு நீங்கதான் பக்கத்துல எழுதணும், இல்லன்னா ரெட்டுன்னு கேட்டதும் பாதி பேர் பால் பாக்கெட் வாங்கத்தான் ஓடுவாங்க. விநாடிக்கு இத்தனை கனஅடின்னு வந்தா, ஒரு கனஅடிக்கு சுமார் 28 லிட்டர்னு போட்டுருங்க.

ஸ்டெப் 4: "தண்ணி நெறைய நிக்குது" வேணாம். கணுக்கால், முட்டி, இடுப்புன்னு சொல்லச் சொன்னோம், ஒரு பாட்டி "யாரு முட்டிப்பா?"ன்னு கேட்டாங்க. நியாயம்தானே! இப்ப தெருமுனை சுவத்துல மூணு பெயின்ட் கோடு இருக்கு, கோடு நம்பர் சொன்னா போதும், மூணாவது கோடுன்னா படகு வேணும்னு அர்த்தம்.

ஸ்டெப் 5: வெவ்வேற டிபார்ட்மென்ட் ஆளுங்க மூணு பேருக்கு போன் போட்டு ஒரே மெசேஜை படிச்சுக் காட்டி, என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. பதில் மாறுச்சுன்னா திரும்ப எழுதுங்க. எங்களுக்கு "மீட்பு"தான் மூணு தடவை தப்பாப் போச்சு, ஒருத்தருக்கு அது கயிறும் படகும், இன்னொருத்தருக்கு சாப்பாட்டு பொட்டலம்.