டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் சிக்கல்கள்: குடும்பங்களும் மருத்துவமனைகளும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. சென்ட்ரல் எதிரே அரசு பொது மருத்துவமனை, வடசென்னைக்கு ஸ்டான்லி, 2023-இல் கிண்டியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை, பல பகுதிகளிலும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என எல்லாமே இருக்கின்றன. ஆனால் ஓரிடத்தில் செய்த வைத்தியம் இன்னோர் இடத்தில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. பக்கவாதம் வந்த அப்பாவையோ இடுப்பெலும்பு முறிந்த பாட்டியையோ வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் அது உறைக்கும்.

இதில் அதிகம் ஆபத்தானது, பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் விடுவது. தெருமுனை டாக்டர் ஆம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை ஒரு கம்பெனிப் பெயரில் எழுதியிருப்பார், மருத்துவமனையில் அதையே வேறு பெயரில் எழுதுவார்கள். வீட்டில் இரண்டையும் கொடுப்பார்கள். சுகாதார ஊழியர் வீட்டுக்குக் கொண்டுவரும் மாத்திரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். பிரஷர் இறங்கி, ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவர் விழுவது இப்படித்தான். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். ஆபரேஷனுக்காக நிறுத்திய ரத்தம் உறையாமைக்கான மருந்தை மறுபடி எப்போது தொடங்குவது என்று யாரும் எழுதாமல் விட்டுவிடுவார்கள்.

அதனால் வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது, எது புதிது என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, அட்டையில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அந்தத் தாளின் நகல் ஒன்று குடும்ப டாக்டருக்கும் இன்னொன்று வீட்டுக்கு வரும் ஊழியருக்கும் போக வேண்டும்.

அடுத்தது, விளக்கம் தவறான ஆளிடம் போய்ச் சேர்வது. இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவே பல நாள் சாயங்காலம் ஆகிவிடும். பில் கட்ட அலையும் மகனிடம் நர்ஸ் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். வீட்டில் மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கப்போவது மருமகளாக இருக்கும். யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவர் டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே வார்டுக்கு வந்து, நர்ஸ் முன்னால் ஒருமுறை தானே செய்து பார்ப்பது நல்லது.

வீட்டில் பார்த்துக்கொள்ள நர்ஸ் வேண்டும் என்று நாம் கேட்டால், ஆள் அனுப்பும் சில ஏஜென்சிகள் அட்டெண்டரை அனுப்பிவிடுவதும் உண்டு. குளிப்பாட்ட, ஊட்டிவிட, புரட்டிப் படுக்கவைக்க அட்டெண்டர் போதும். சிறுநீர்க் குழாய் மாற்றவும் ஊசி போடவும் நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர்தான் வேண்டும். பகல் ஆளும் இரவு ஆளும் ஒரே நோட்டில் பிரஷர், சுகர், சிறுநீர் அளவு எழுதட்டும். எந்த அளவைத் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்பதை டாக்டரிடம் கேட்டு முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

வரவேண்டிய ரிப்போர்ட்டையும் மறந்துவிடக் கூடாது. எந்தக் கிருமி என்று கண்டறியும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும், பயாப்சி இன்னும் தாமதமாகும். அதற்குள் நோயாளி வீட்டுக்கு வந்திருப்பார். கொடுத்த ஆன்டிபயாட்டிக் அந்தக் கிருமிக்கு வேலை செய்யாது என்று ரிப்போர்ட் சொன்னாலும், அது ஃபைலிலேயே கிடக்கும்.

இத்தனையையும் குடும்பத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ரிவ்யூ எஸ்ஓஎஸ்' (தேவைப்பட்டால் மறுபடி வந்து காட்டவும்) என்று எழுதினால் எத்தனை பேருக்குப் புரியும்? என்ன அறிகுறி வந்தால் எங்கே வரவேண்டும் என்று தமிழில் நாலு வரி எழுதலாம். இரண்டு நாள் கழித்து ஒரு போன் செய்து விசாரிக்கலாம். மருத்துவமனைகள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் ஏஜென்சிக்குப் போன் போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அறிகுறி எத்தனை மணிக்குத் தொடங்கியது, ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுக்கிறாரா என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். மாத்திரைப் பட்டியலும் நோட்டும் ஆம்புலன்ஸில் கூடவே போகட்டும்.