குதிரையின் தசைநாண் ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே பின்பக்கம் லேசான வீக்கம். தொட்டால் சூடு. அன்றைக்கே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாளில் நொண்டலும் குறைகிறது. சரி என்று மறுபடி ஓட விடுகிறார்கள். நான் மிகவும் பயப்படும் தவறு இதுதான்.

தசைநாணுக்குள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார்ப்பட்டைக்குள், புதிதாகக் கசிந்த இரத்தம், ஸ்கேனில் நல்ல நாரைப் போலவே தெரியலாம். சேதமும் முதல் ஒன்றிரண்டு வாரம் பெரிதாகிக்கொண்டே போகலாம். அதனால் முதல் ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் குதிரைக்கு ஓய்வு கொடுத்து, ஏழு முதல் பத்து நாள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

அடுத்தது, இல்லாத காயத்தைப் பார்ப்பது. தசைநாணின் நார்கள் நெருக்கமாக, இணையாக ஓடுகின்றன. ஒலி அலை அவற்றின் மேல் செங்குத்தாக விழுந்தால்தான் வெள்ளையாகத் தெரியும். தோலின் மேல் வைக்கும் ஸ்கேன் முனையான புரோபைக் கொஞ்சம் சாய்த்தால் போதும், நல்ல தசைநாணின் நடுவே கறுப்புத் திட்டு வந்துவிடும். அதைப் பார்த்து அவசரப்படாமல் புரோபை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கோணம் சரியானதும் மறைந்தால் அது காயமல்ல. எந்தக் கோணத்திலும் அதே இடத்தில் நின்றால், குறுக்காகவும் நெடுக்காகவும் படம் எடுத்து உறுதி செய்யுங்கள். குதிரை அந்தக் காலில் சரியாக எடை போடாமல் நின்றாலும் நார்கள் தளர்ந்து இதே ஏமாற்று நடக்கும்.

முடியை மழிக்காமல் மேலே ஜெல் தடவி எடுக்கும் படத்தை நம்பவே வேண்டாம். முடிக்கு நடுவே சிக்கிய காற்று ஒலியை மறித்துவிடும். அழகு கெட்டுவிடும் என்று சிலர் தயங்குகிறார்கள், முடி வளர்ந்துவிடும். மழித்து, அழுக்குப் போகக் கழுவி, ஜெல் ஊறச் சில நிமிடம் விட்டாலே படம் மாறிவிடும். மரத்துப்போகும் ஊசி போட்ட உடனே ஸ்கேன் எடுப்பதும் சிக்கல்தான். ஊசியோடு போன மருந்தும் காற்றுக் குமிழியும் படத்தில் குழப்பும். முடிந்தால் ஒரு நாள் விட்டு எடுங்கள்.

ஒரே காலை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். ஒவ்வொரு குதிரையின் தசைநாணும் ஒவ்வொரு தடிமன். மறுகாலில் அதே உயரத்தில் அளந்து ஒப்பிட்டால்தான் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று தெரியும். ஆனால் இரண்டு காலிலும் காயம் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே எலும்பின் பின்னால் ஓடிக் கணுவைத் தாங்கும் நார்ப்பட்டையான சஸ்பென்சரி லிகமென்ட்டின் மேல்பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். அங்கே இயல்பாகவே தசை இழைகளும் கொழுப்பும் கலந்திருக்கும். அந்தக் கறுப்பைக் கிழிசல் என்று எழுதிவிடுவது சுலபம்.

எக்ஸ்-ரேயில் எலும்பு நன்றாகத் தெரியும், நார் தெரியாது. லிகமென்ட் எலும்பைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறதா என்று பார்க்க அது வேண்டும். ஆனால் எக்ஸ்-ரே நார்மல் என்றால் தசைநாணும் நார்மல் என்று அர்த்தமில்லை. குளம்புக்குள் இருக்கும் பகுதியில் அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் நுழையாது. அங்கே சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ. தான்.

அப்புறம், நொண்டல் நின்றதும் மறு ஸ்கேனை விட்டுவிடுவது. நொண்டல் சில வாரங்களில் போய்விடும். தசைநாண் ஆறப் பல மாதங்கள், மோசமான காயத்துக்கு ஒரு வருடம்கூட ஆகும். கறுப்புத் திட்டு நிரம்பியதாகத் தெரிந்தாலும், நெடுக்குப் படத்தில் நார்கள் நேர்கோடாக ஓடுகின்றனவா என்று பாருங்கள். நடையிலிருந்து ஓட்டத்துக்கு மாற்றும் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால், அதே இடத்தில் அதே அளவுகளை எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்த பிறகே வேலையைக் கூட்டுங்கள்.