உடலெங்கும் வலி: மாத்திரை நேரத்தை மாற்றியபின் கிடைத்த விடிவு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டக் கிராணியாக (எழுத்தராக) வேலை செய்யும் எனக்கு, கழுத்தில் தொடங்கித் தோள், இடுப்பு, முழங்கால் என்று இடம் மாறிய வலி மாதக்கணக்கில் நீடித்தது. கைப்பையின் வார் அழுத்திய இடம்கூட மாலைவரை கடுத்தது. இரவு முழுதும் படுத்திருந்தும் அசதியோடுதான் எழுந்தேன். முடக்குவாதத்துக்கும் தைராய்டுக்கும் எடுத்த இரத்தப் பரிசோதனைகளில் குறையில்லை. வலி மாத்திரைகளும் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டதும் பலன் தரவில்லை.

அரசாங்க கிளினிக் மருத்துவர் இதை ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடலெங்கும் நீடித்த வலியும் அசதியும் தரும் நோய், என்று கண்டறிந்து, இரவுக்கு 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதினார். அது மனச்சோர்வு மருந்தாயிற்றே என்று கேட்டேன். மனச்சோர்வுக்கு வழக்கமாக 75 மில்லிகிராமோ அதற்கு மேலோ தேவைப்படும் என்றும், இந்தச் சிற்றளவு மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளுக்கு வலுவூட்டவே என்றும் பொறுமையாக விளக்கினார்.

படுக்கும்போது விழுங்கியதால் காலையில் தலை கனத்து, தொழிலாளர் வருகையைக் குறிக்கும் செக்ரோல் பதிவேட்டின் எண்கள் மங்கின. பலரும் மருந்தைக் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான் என்று நினைக்கிறேன். மருத்துவரிடம் சொன்னதும், அதே மாத்திரையைப் படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே, இரவு 8 மணிக்கு எடுக்கச் சொன்னார். காலை மயக்கம் விலகியது. முதலில் சீரானது வலியன்று, உறக்கம். வலி அதற்குச் சில வாரங்கள் கழித்தே தணிந்தது, பெரும் நிம்மதி. வாய் வறட்சி மட்டும் இன்னும் இருக்கிறது, ஆனால் அளவைக் கூட்ட வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.