ஏற்றத்தில் நீராவி இன்ஜின் சக்கரம் வழுக்காமல் கிளப்புவது எப்படி

டார்ஜிலிங் மலை ரயிலின் பி கிளாஸ் இன்ஜினுக்கு சிலிண்டர் விட்டம் 11 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்) 14 அங்குலம், சக்கர விட்டம் 26 அங்குலம், பாய்லர் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 140 பவுண்டு. கணக்குப் போட்டால் இழுவிசை ஏறத்தாழ 3.5 டன் வருகிறது. எடை சுமார் 15 டன். நான்கு சக்கரமும் இயங்கு சக்கரம் என்பதால் அத்தனை எடையும் பிடிமானத்துக்குப் பயன்படும். காய்ந்த தண்டவாளம் எடையில் கால் பங்கு, அதாவது 3.75 டன் வரை தாங்கும். ஈரமும் பிசுக்கும் சேர்ந்தால் 15 சதவீதம்கூடத் தேறாது, 2.25 டன்தான். சிலிண்டர் கொடுப்பதைத் தண்டவாளம் வாங்காது. மிச்சத்தை அடக்க வேண்டியது ரெகுலேட்டரை, அதாவது சிலிண்டருக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடும் பிடியை, பிடித்திருக்கும் கை.

கனமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலும் பனியும்தான் ஆபத்து: துரு, எண்ணெய், இலைச்சாறு எல்லாம் குழைந்து பசையாகிவிடும். இன்ஜின்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கும். கிளம்புமுன் அங்கே குனிந்து பாருங்கள். சக்கர விளிம்பில் எண்ணெய் இருந்தால் துடையுங்கள். பி கிளாஸ் தன் தண்ணீரையும் சுமப்பதால் தொட்டி காலியாகக் காலியாகப் பிடிமானமும் குறையும்.

பிடிமானத்துக்காகத் தண்டவாளத்தில் போடும் மணல் சலித்து, நன்றாக வறுத்ததாக இருக்க வேண்டும். ஈர மணல் குழாயில் கட்டிவிடும். புறப்படுமுன் மணல் லீவரை இழுத்து, இரண்டு பக்கமும் தண்டவாளத்தின் தலைமேலேயே விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அச்சு முறுக்கப்படும். டார்ஜிலிங்கில் இன்ஜின் முகப்பில் ஆட்கள் உட்கார்ந்து கையால் தூவுவார்கள். மெல்லிய படலம் போதும். பாயின்ட் (தண்டவாளம் பிரியும் இடம்) மேல் போடக் கூடாது, அதன் நகரும் நாக்கில் சிக்கும்.

இனி கிளப்புவது. சிலிண்டரின் வடிகுழாயான டிரெயின் காக்கைத் திறந்து வையுங்கள், சிலிண்டரில் தேங்கிய தண்ணீர் வெளியேறட்டும். ரிவர்சரை (திசையையும், ஒவ்வொரு வீச்சிலும் நீராவி நுழையும் நேரத்தையும் மாற்றும் கருவி) முழு முன்கியரில் வைத்து, பிரேக் விட்டதும் ரெகுலேட்டரை விரற்கடை அளவே திறந்து காத்திருங்கள். நீராவி சிலிண்டரை நிரப்ப ஒரு கணம் ஆகும். அந்தக் கணத்தில் பொறுமை இழந்து இன்னும் திறப்பதால்தான் பெரும்பாலும் வழுக்குகிறது. இரு சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டனின் விசையைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் கிராங்குகள் 90 பாகை தள்ளி இருப்பதால், ஒரு சுற்றில் நான்கு இடங்களில் விசை உச்சம் தொடும். சராசரி விசையைத் தாங்கும் தண்டவாளமும் அந்த உச்சத்தில் கைவிட்டுவிடும். முதல் இரண்டு மூன்று சுற்றும் சீராகப் போனபின் ரெகுலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, ரிவர்சரைப் படிப்படியாகக் குறைத்து வாருங்கள்.

வழுக்கினால் காதுக்குத்தான் முதலில் தெரியும்: புகைபோக்கியின் தாளம் திடீரென்று படபடவென ஓடும். உடனே ரெகுலேட்டரை முழுவதும் மூடுங்கள், பாதி மூடினால் பயனில்லை. வழுக்கத் தொடங்கிய சக்கரத்துக்கு உராய்வு இன்னும் குறைந்துவிடுவதால், அது பிடிக்க விசை வெகுவாக இறங்க வேண்டும். சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடாக்கும் குழாய்கள்) உள்ள பெரிய இன்ஜினில் ரெகுலேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே நிறைய நீராவி இருக்கும். மூடிய பிறகும் சற்று நேரம் சுழலும். அதனால் அங்கே இன்னும் முந்திக்கொள்ள வேண்டும்.

சுழலும் சக்கரத்தின் கீழ் மணல் போடவே கூடாது. சட்டென்று கவ்வினால் அத்தனை அதிர்ச்சியும் சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடிலும், அது மாட்டியிருக்கும் கிராங்க் பின்னிலும் இறங்கும், ராடு வளையும். சுழற்சி நின்றபின் மணல் போட்டு, முன்னைவிடக் குறைவாகத் திறந்து கிளப்புங்கள்.

சுழல விட்டால் தண்டவாளம் ஒரே இடத்தில் தேய்ந்து குழி விழும். புகைபோக்கி வழியே வேகமாகப் பாயும் நீராவி உலையிலிருந்து நெருப்பைப் பிய்த்து இழுக்கும். பாய்லர் தண்ணீரும் நீராவியோடு ஏறிவரும், அப்போது ரெகுலேட்டரே மூடாமல் அடம்பிடிக்கலாம். அப்படி ஆனால், திருகு ரிவர்சர் என்றால் முன்னும் பின்னும் இல்லாத நடுக்கியருக்குச் சுற்றிக் கொண்டுவாருங்கள். லீவர் ரிவர்சர் என்றால் நீராவி இருக்கும்போது அதைப் பூட்டியிருக்கும் கொக்கியை எடுக்காதீர்கள். லீவர் பாய்ந்து அடித்துக் கையை முறித்துவிடும்.