பாடுகிறவர் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள்

ஜெர்மன் கலைப்பாடலை (கவிதைக்கு இசையமைத்து, பியானோவோடு ஒருவர் பாடுவது; அவர்கள் வாயில் 'லீட்') கேட்க உட்காருகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, பியானோவைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்கிவிட்டுக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போவது. குரல் மறைப்பதைப் பல இடங்களில் பியானோதான் போட்டு உடைக்கும்.

வியன்னா இசையமைப்பாளர் ஷூபர்ட் 17 வயதில், 1814-இல் எழுதிய 'ராட்டையின் முன் கிரெட்சென்' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். வரிகள் ஜெர்மன் கவிஞர் கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் வருபவை. காதலனை நினைத்தபடி ஒரு பெண் நூல் நூற்கிறாள். பியானோவில் வலது கை சக்கரமாகச் சுற்றுகிறது, இடது கையில் மிதிகட்டையின் தாளம். 'அட, ராட்டைச் சத்தம்!' என்று அதோடு விட்டுவிட்டால் பாட்டு கைநழுவிப் போகும். அவன் நடை, சிரிப்பு, கைப்பிடி என்று ஒவ்வொன்றாக நினைத்து 'அவன் முத்தம்!' என்று அவள் வாய்விட்டுச் சொல்லும் இடத்தில் சக்கரம் நின்றுவிடுகிறது. கால் மிதிக்க மறந்துவிட்டது. இது கவிதையில் எங்கும் இல்லை. அப்புறம் ஒரு சுற்று, தயக்கம், இன்னொரு சுற்று, மறுபடி தயக்கம். பிறகுதான் ராட்டை ஓடத் தொடங்குகிறது. மொழிபெயர்ப்பை முன்னாடியே படித்துவிடுங்கள். பாட்டு ஓடும்போது தாளில் கண் இருந்தால் இந்த இடம் போய்விடும்.

மேற்கத்திய இசையின் இரு ஸ்வர அமைப்புகளைப் பற்றிய 'மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம்' என்ற வாய்ப்பாடும் ஷூபர்ட்டிடம் செல்லாது. 1827-இல் எழுதிய 'குளிர்காலப் பயணம்' தொகுப்பின் முதல் பாட்டில், காதல் முறிந்தவன் இரவோடு இரவாக ஊரைவிட்டுக் கிளம்புகிறான். பெரும்பாலும் மைனரில் நடந்துவந்த பாட்டு, 'உன் கனவைக் கலைக்க மாட்டேன்' என்னும் கடைசிச் சரணத்தில் மேஜருக்கு மாறுகிறது. அவனுக்கு ஒரு நல்லதும் நடந்துவிடவில்லை. என் காதுக்கு அந்த 24 பாட்டில் அதிகம் வலிக்கும் இடம் அதுதான்.

பாடுகிறவர்கள் இதையெல்லாம் கையை ஆட்டி நடித்துக் காட்ட வேண்டாம். வியன்னாவில் நண்பர்கள் வீட்டுக் கூடத்தில் பாடப்பட்டவை இவை. இசைநாடகம் நடக்கும் ஆபரா மேடை வேறு.

பெரிய தவறு, வார்த்தையை அப்படியே நம்புவது. 1840-இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன், கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு இசையமைத்த 'கவிஞனின் காதல்' தொகுப்பில் ஏழாவது பாட்டு, இழந்துவிட்ட காதலியிடம் அவன் சொல்வது: 'எனக்குக் கோபமில்லை'. கவிதையில் இரண்டு முறை வரும் அந்தச் சொல்லை ஷூமன் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கிறார். கீழே பியானோ கதவை இடிப்பதுபோல் இடித்துக்கொண்டே இருக்கிறது. கோபமில்லாதவன் இத்தனை தடவை சொல்வானா?

குரல் ஓய்ந்ததும் கைதட்டிவிடாதீர்கள். அதே தொகுப்பின் 16-ஆவது, கடைசிப் பாட்டில், காதலையும் வலியையும் ஒரு பெரிய சவப்பெட்டியில் போட்டுக் கடலில் மூழ்கடிப்பதாகப் பாடி முடிக்கிறான். பியானோ மட்டும் நெடுநேரம் தனியே தொடர்கிறது. அதில் வருவது 12-ஆவது பாட்டின் முடிவில் கேட்ட இசை. அங்கே தோட்டத்துப் பூக்கள் அவனிடம் சொன்னது, 'எங்கள் சகோதரி மேல் கோபப்படாதே' என்று. சகோதரி என்றது அவன் காதலியை.