ரிதம் ஹெவன் மெகாமிக்ஸ்: காதை நம்பி விளையாடும் வழி

நிண்டெண்டோவின் ரிதம் ஹெவன் வரிசையில் 2006-இலிருந்து வந்த சின்னச் சின்னத் தாள வீடியோ ஆட்டங்களில் தேர்ந்தவற்றோடு புதியவற்றையும் சேர்த்த தொகுப்பு இது. மொத்தம் நூறுக்கும் மேல். நிண்டெண்டோவின் 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக ஜப்பானில் 2015-இலும் மற்ற இடங்களில் 2016-இலும் வெளியானது. நிண்டெண்டோவின் இணையக் கடையான இ-ஷாப்பில் விற்பனை 2023 மார்ச்சோடு நின்றுவிட்டதால், இனி வாங்குபவர்கள் பழைய கார்ட்ரிட்ஜை (கருவியில் செருகும் ஆட்ட அட்டையை)த்தான் தேட வேண்டும். 3டிஎஸ்ஸுக்கு வட்டாரப் பூட்டு உண்டு. ஜப்பான் கார்ட்ரிட்ஜ் அமெரிக்கக் கருவியில் ஓடாது, பார்த்து வாங்குங்கள்.

முதலில் ஒலியைச் சரிசெய்யுங்கள். திரைக்கு முப்பரிமாணத் தோற்றம் தரும் 3டி ஸ்லைடரை அணைத்தாலும் குறையில்லை, ஆனால் ஒலி மட்டும் தெளிவாகக் கேட்டே ஆக வேண்டும். வயர் ஹெட்ஃபோனே நல்லது. நிமிடத்துக்கு 120 தட்டு (தாளத்தின் பீட்) ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கு 500 மில்லி நொடி, அரைத் தட்டுக்கு 250. வயர்லெஸ் ஹெட்ஃபோனில் ஒலி 150 மில்லி நொடி பிந்தினாலே விரல் தடுமாறிவிடும். பிறகு என்ன பயிற்சி செய்தும் பயனில்லை.

பறந்துவரும் பானைகளைக் குத்தும் 'கராத்தே மேன்' ஆட்டத்தில் தொடங்குங்கள். பானை எறியப்படும் சத்தம் ஒரு தட்டில் விழும், குத்து அடுத்த தட்டில் விழ வேண்டும். புதிதாக ஆடுபவர்கள் பானை கைக்கு அருகே வருவதைப் பார்த்துவிட்டு அழுத்துவார்கள். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் அசைவதற்குள் தட்டு கடந்துவிடும். அதனால் பானையைப் பார்க்காதீர்கள். காலால் தாளம் போட்டுக்கொண்டு, எறியும் சத்தத்தை "ஒன்று" என்று எண்ணி, "இரண்டு" வரும்போது ஏ பட்டனை அழுத்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்று ஆடிப்பாருங்கள். பெரும்பாலும் மதிப்பெண் ஏறவே செய்யும்.

'ரிதம் ட்வீசர்ஸ்' ஆட்டம் வேறு வகை. காய்கறி முகத்தில் முடிகள் ஒரு தாளத்தில் முளைக்கும், அதே தாளத்தை அடுத்த சுற்றில் நீங்கள் திருப்பித் தந்து பிடுங்க வேண்டும். முளைக்கும்போதே வாயால் "டக், டக், டடக்" என்று சொல்லிவையுங்கள். இடைவெளியையும் சேர்த்துச் சொல்வது முக்கியம், ஏனென்றால் பிழை அநேகமாக அந்த மௌனத்தில்தான் நடக்கும். சுருண்ட நீள முடிக்குப் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும், சட்டென்று விட்டால் பாதியில் நின்றுவிடும்.

60 மதிப்பெண் எடுத்தால் தேறலாம், 80 எடுத்தால் 'சூப்பர்ப்'. அதற்கு மேல் 'பர்ஃபெக்ட்' முயற்சியில் ஒரு தவறுகூடக் கூடாது. ஒரு தட்டைத் தவறவிட்டால் பதறி இரண்டு முறை அழுத்தாதீர்கள், அடுத்த தட்டும் கெட்டுப்போகும். விட்டதை விட்டுவிட்டுக் காலில் ஓடும் தாளத்தைத் தொடருங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரே ஓர் இடத்தில் ஸ்கில் ஸ்டார் இருக்கும், அந்தத் தட்டை மிகத் துல்லியமாக அடித்தால்தான் கிடைக்கும். முதல் நாளே அதைத் துரத்த வேண்டாம்.

கதைப் பகுதியின் தொடக்கத்தில் பல ஆட்டங்களின் எளிய வடிவங்களே வரும், மூல வடிவங்கள் பின்னால் வரும். அலுப்பென்று அவற்றை அவசரமாக ஓட்டாதீர்கள். பல ஆட்டங்களை ஒரே பாட்டில் கலந்து தரும் ரீமிக்ஸில், திரை மாறிய நொடியிலேயே எந்தச் சத்தத்துக்கு எந்த அழுத்தம் என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது பிடிபட்ட பிறகு ரீமிக்ஸ் ஆடுவதுதான் இந்தத் தொகுப்பின் உச்ச சந்தோஷம்.