அசல் சான்றிதழைக் கேட்டபோது

2 வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடிய நாட்களில் போன் அடித்தாலே வயிறு கலங்கும். நடுராத்திரியில் எழுந்து மெயில் பார்ப்பேன். முதலில் அதை நிறுத்தினேன். காலை 10 முதல் 12 வரை மட்டும் விண்ணப்பம், அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. தூக்கம் திரும்பியது.

வாய் திறந்து பேசுவதுதான் பெரும்பாடு. முன்பு ஒரு கம்பெனியில் பட்டச் சான்றிதழின் அசலைக் கொடுத்துவிட்டு, திரும்ப வாங்க 4 மாதம் அலைந்திருக்கிறேன். அதனால் கிண்டியில் நேர்காணலுக்குப் போகும் முன், கண்ணாடி முன் நின்று ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். நினைத்தபடியே, நேர்காணல் எடுத்தவர் அசலைக் கொடுத்து வைக்கச் சொன்னார். பழகி வைத்த பதிலைச் சொன்னேன்.

“அசலை இப்பவே சரிபார்த்துக்குங்க சார். நகலில் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். அசல் என்கிட்டயே இருக்கட்டும்.”

குரல் நடுங்கியது, ஆனால் முழுசாகச் சொல்லி முடித்தேன். அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரிம்மா” என்று என் பக்கமே நகர்த்தி வைத்தார்.